ஒரு தடவை சொன்னா போதும்

இந்தக் காலத்தில் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கிற வழக்கமே அற்றுப்போய்விட்டது. எடுத்த எடுப்பில் கேள்விதான். அதுவும் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல்.

சகாதேவனுக்கு அதுதான் எரிச்சல். எழுபது வயதில், கோபுர வாசலைப் பார்த்த பூஜைக் கடையில் சிவனே என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு பெண் வந்து, "இந்தக் குத்துவிளக்கு எவ்ளோ வெயிட் இருக்கும் ஐயா?" என்றாள்.

கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். பெயர் அபிநயா. வேங்கிக்காலில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகிறதாம்.

"உனக்கு எதுக்கும்மா அது?"

"கடை ஆன்லைன்ல வருதுல்ல ஐயா, அதுக்குத்தான் இந்த சிஸ்டம். பொருளைப் பத்தின விவரத்தை இதுல ஒரு தடவை சொன்னா போதும், அஞ்சு வெப்சைட்டுக்கும் தானா போயிடும். எங்க பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும்."

"தப்பா சொல்லிட்டா?"

அபிநயா கொஞ்சம் யோசித்தாள். "அஞ்சு இடத்துலயும் ஒரே மாதிரி தப்பா இருக்கும்."

"ஊர்வம்பு கூட இப்படித்தான் போவுது. அதுக்கு யாரும் சிஸ்டம் வெக்கலியே."

அவளுடைய போன் அடித்தது. மேலதிகாரி போலிருக்கிறது, அந்த ஆளின் குரல் ஸ்டூல் வரைக்கும் கேட்டது. "பதினொன்னரைக்குள்ள இருபத்து மூணு பொருளும் ஏறலைன்னா கார்த்திகை தீபத்துக்கு அந்தக் கடை லிஸ்ட்லயே வராது. ஏற்கெனவே ரெண்டு கடையை கோட்டை விட்டிருக்க. இதுவும் போச்சுன்னா நாளைக்கு ஆபீசுக்கு வராத. பெரியவரு கடுகடுன்னு பேசுவாராம், பொறுத்துக்கிட்டு கேளு."

தன் குணம் வேங்கிக்கால் வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று சகாதேவனுக்கு ஆச்சரியம். அந்தப் பெண்ணின் கண் வேறு கலங்கிவிட்டது. அழுது தொலைக்கப் போகிறாளே என்று விளக்கைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு படி மல்லாட்டை கனம் இருக்கும்."

"கிலோவுல சொல்லுங்க ஐயா."

"உரிச்சதா, உரிக்காததா?"

'இரண்டு படி வேர்க்கடலை' என்றே போட்டுக்கொண்டாள். "கட்டம் காலியா இருந்தா சிவப்பு காட்டும் ஐயா. எதையாச்சும் ரொப்பிட்டா பச்சை. விபூதிக்கு காலாவதி தேதி?"

"சாம்பலுக்கு ஏதும்மா காலாவதி? எல்லாம் காலாவதியான பெறகுதான் சாம்பல்."

பச்சை விழுந்தது.

"ருத்திராட்சம் எங்க தயாராவுது?"

"மரத்துல."

"ஊதுவத்தி வாசனை எவ்ளோ நேரம் நிக்கும்?"

"பக்கத்துல சாக்கடை இருந்தா நிக்காது."

நடுவில் ஒரு அம்மாள் வந்து கற்பூரம் என்ன விலை என்று கேட்டாள். "டப்பாவுல போட்டிருக்கும், படிச்சுக்கோ" என்றார் சகாதேவன், கூட்டத்துக்கு மேலாகக் கோபுர வாசலைப் பார்த்தபடி. அவள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

"வர்றவங்களை இப்படி வெரட்டறீங்களே ஐயா!"

"போனா போவட்டும். எனக்கு என்னா நஷ்டம்? நீ அடுத்ததைக் கேளு, மணி ஆவுது."

கேட்டாள். திருநீற்று மடல், மணி, சாம்பிராணிக் கரண்டி என்று ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டே வந்தது. கடைசியாக மறுபடியும் குத்துவிளக்கில் வந்து நின்றாள்.

"இதே மாதிரி வேற பொருள் இருந்தா அதையும் காட்டணும் ஐயா. ஒரு கட்டம் பாக்கி இருக்கு."

"பக்கத்துக் கடையில இருக்குதே. கனம் ஜாஸ்தி, விலை கம்மி."

அபிநயா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். "இப்படி ஒரு மனுஷனை நான் பாத்ததே இல்ல ஐயா" என்று சொல்லிவிட்டு, அதையும் ஓர் எழுத்து விடாமல் ஏற்றினாள்.

இருபத்து மூன்றும் பச்சை. மணி பதினொன்று இருபத்தெட்டு.

"எல்லாம் சரின்னு இதுல ஒரு விரல் வைங்க ஐயா."

சகாதேவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதெல்லாம் ஆவாது. இப்படி வெரல் வெச்சுத்தான் எங்க ஊர்ல ஒருத்தனுக்கு அரை ஏக்கர் போச்சு."

"அய்யய்யோ, நேரம் இல்ல, நானே வெச்சுக்கறேன்!"

அழுத்தினாள். ஐந்து இடத்துக்கும் போய்விட்டதாக டேப்லெட் மணியடித்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி அபிநயா மூச்சு விட்டாள். சந்தோஷத்தில் பெரியவர் காலில் விழவே குனிந்துவிட்டாள்.

அதற்குள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு வயதான அம்மாள் மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு தாண்டித் தாண்டி வந்தாள். "ஏங்க, என்னா கூட்டம், என்னா கூட்டம்! எழுந்து வாங்க, கீழ்பென்னாத்தூர் பஸ்சு போயிடப் போவுது."

சகாதேவன் ஸ்டூலுக்கு அடியிலிருந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஒரு இடத்தில் சொன்னால் அஞ்சு இடத்துக்குப் போகுமாம், எல்லாம் சரியாக இருக்குமாம். எவன் நம்புவான்? தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.

"ஐயா, கடையை இப்படி தொறந்து போட்டுட்டுப் போறீங்களே!" என்று கத்தினாள் அபிநயா.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கடைக்காரன் வந்து கடையைப் பாத்துப்பான். நான் எங்க செருப்பைப் பாத்துக்க உக்காந்தவன்!"