சந்தியாகு வள்ளத்து இஞ்சின்

சந்தியாகுவின் வள்ளத்தை இன்றைக்கும் இன்னொரு வள்ளம்தான் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தது. அதில் முன்தண்டு வலித்தவன் அவருடைய மச்சான் கயித்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்ததும் சந்தியாகுவுக்குக் கடலிலேயே குதித்துவிடலாமா என்றிருந்தது.

சிரிக்க மாட்டானா பின்னே? ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டமேறிய மறுவருசம், புன்னக்காயலில் ஒருவரும் கண்டிராத இஞ்சின் ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்து, தன்னுடைய பழைய வள்ளத்தின் பின்னால் மாட்டினார் சந்தியாகு. பாய்மரத்தைப் பிடுங்கிக் கொல்லையில் போட்டார். தண்டு வலித்த நாலு பேரையும் "இனிமே ஆள் வேண்டாம்வே" என்று ஒரே சொல்லில் நிறுத்திவிட்டார். அந்த நாலு பேரில் ஒருத்தன் கயித்தான், அவர் பெண்டாட்டி பிரகாசியின் கூடப்பிறந்த அண்ணன்.

வந்த புதிதில் இஞ்சின் பேயாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் ஒரு காரணமும் இல்லாமல் நடுக்கடலில் நின்றது. பிரகாசி பயந்துபோய் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அவள் பக்தி கூடக் கூட, இஞ்சின் அடிக்கடி நின்றதே தவிர ஒழுங்காக ஓடிய பாடில்லை.

ஊரில் யோசனைக்கா பஞ்சம்? வேறு இஞ்சின் வாங்கு என்றான் ஒருத்தன். இருக்கிற இஞ்சினை நங்கூரமாகப் போடு என்றான் இன்னொருத்தன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது சந்தியாகுவுக்கு. சீலா மீன் கூட்டம் கூட்டமாக வரும் காலம் இது. இதையும் கரையில் உட்கார்ந்து கழித்தால் வள்ளத்தை விறகுக்கு உடைக்க வேண்டியதுதான்.

கடைசியில் காயல்பட்டினத்திலிருந்து மீரா முகைதீனை அழைத்து வந்தார். கொழும்பில் மோட்டார் வேலை பழகியவர். அவர் இஞ்சினைச் சந்தியாகு வீட்டு வாசலில் வைத்துப் பிரித்துப்போட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லும் மரைக்காரே. இதையே சரி பண்ணவா, வேற இஞ்சின் வாங்கவா, இல்ல திரும்பப் பாய்மரத்த நட்டுட்டு ஆளுக கால்ல விழவா?"

"இஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி" என்றார் மீரா முகைதீன். "பெட்ரோல் தகரத்த எங்க வச்சிருக்கீய?"

"வீட்டுக்குள்ளதான். எவனாவது பீடிய வீசிட்டுப் போயிருவான்னு பயம்."

தகரம் வந்தது. அதன் அடியில் கிடந்ததைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் மேலே நிற்க, அடியில் தனியாகத் தண்ணீர் பிரிந்து நின்றது. மேலே இருந்ததை வடித்துவிட்டு, தண்ணீரில் விரலை முக்கி நாக்கில் வைத்துத் துப்பினார்.

"கடல் தண்ணி இல்ல. கிணத்துத் தண்ணியும் இல்ல. லேசாக் கரிக்குது. யாரோ ஊத்தியிருக்காவ."

லேசாகக் கரிக்கிறதா? சந்தியாகு ஒவ்வொன்றாகக் கணக்குக் கூட்டினார். தாமிரபரணி கடலில் விழுகிற இடத்துத் தண்ணீர் அப்படித்தானே கரிக்கும்? அந்தக் கரையில்தானே கயித்தானின் வீடு? தினமும் தங்கச்சி வீட்டுக்குக் கஞ்சி குடிக்க வருகிறேன் என்று உள்ளே வரைக்கும் நடமாடுகிறவனும் அவன்தானே?

"முடிவு பண்ணியாச்சு. இஞ்சின மூட்டை கட்டும் மரைக்காரே. பாய்மரத்த நடப் போறேன். மத்த மூணு பேரையும் கெஞ்சியாவது கூப்பிடுதேன். அந்தக் கயித்தான் மட்டும் இந்த வாசல மிதிக்கக் கூடாது."

சொல்லி வாய் மூடவில்லை, தலைத்துண்டை உதறிக்கொண்டே கயித்தான் வந்து நின்றான்.

"என்ன மச்சான், எம் பேரு அடிபடுது?"

"பெட்ரோல்ல தண்ணி ஊத்தினது நீருதான? உள்ளதச் சொல்லும்வே."

கயித்தானின் சிரிப்பு அணைந்துவிட்டது. "தண்டு வலிக்கிற வேலை போன ஆத்திரத்துல நாலு நாள் சிரிச்சேன், ஒத்துக்கிடுதேன். நடுக்கடல்ல உம்ம நிக்க வச்சு எந்தங்கச்சி தாலியோட விளையாடுவனா? உம்ம வள்ளம் போற பக்கமாவே நாங்க தினமும் போறோமே, எதுக்குன்னு நெனச்சீரு? நீரு நின்னா இழுத்துட்டு வரத்தான்வே."

சந்தியாகுவுக்கு அது உறைத்தது. ஆனால் ஏறிப்போன நாக்கு அவ்வளவு சுலபத்தில் இறங்குமா?

"அப்போ வானத்துல இருந்தா தண்ணி விழுந்திச்சு?"

"சரிவே. இன்னையோட இந்த வீட்டுக் கஞ்சி எனக்கு விசம்" என்று கயித்தான் திரும்பினான். இரண்டு வீட்டு உறவும் அந்த வாசலோடு அறுந்து விழப் பார்த்தது.

வந்த இடத்தில் இதென்ன வம்பு என்று மீரா முகைதீன் குறுக்கே எழுந்தார். "ஊத்தினது யாரா வேணும்னாலும் இருக்கட்டும் அண்ணாச்சி. இனிமே ஜாக்கிரதையா இருந்தாப் போதும். இதுக்குப் பெட்ரோல்தான் ஆகாரம். வேற எந்தத் தண்ணி ஒரு சொட்டு விழுந்தாலும் ஆகாது."

அதுவரை கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பிரகாசி வாசலுக்கு வந்தாள். புருசனையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. மீரா முகைதீனிடம் மெல்லக் கேட்டாள்.

"சாமியார் உப்புப் போட்டு மந்திரிச்ச கோயில் தீர்த்தங்கூட ஆகாதா?"