இடது கையின் இரண்டு விரல்கள்

அக்காவின் மூக்கு கோணலாக விழுந்துவிட்டது. உடனே தங்கையின் இடது கை விரல்கள் இரண்டும் மேசையின் மேல் டக்கென்று தட்டின.

காகிதத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மூக்கு அதே கோணலோடு அவளைப் பார்த்தது.

ஸ்டூடியோவில் அப்படித் தட்டினால் போதும். கீபோர்டில் இரண்டு பொத்தான்கள், கடைசியாகச் செய்தது செய்யாததாகிவிடும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, ஊரார் கல்யாணப் படங்களில் பரு, மச்சம், கருவளையம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்தெடுப்பதுதான் அவள் வேலை. அங்கே அவளுக்கு ரப்பர் என்றே பெயர். வீட்டுக்கும் அந்தப் பெயர் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

இது காகிதம் என்று அந்த விரல்களுக்கு யார் போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பென்சில். அது அவளே போட்டுக்கொண்ட சட்டம். பத்து மணிக்குப் போனை அணைத்து, சமையலறையில் காலிக் குக்கருக்குள் போட்டு மூடிவிடுவாள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கை சும்மா இருக்காது.

“எத்தனை விசில் விடணும்டி, ரப்பர்?” என்று அக்கா வாரம் தவறாமல் கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள்.

போன வாரம் இன்னும் மோசம். வரைந்த கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று, காகிதத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து விரித்தாள் இவள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு முகம் ஆடாமல் உட்காரவே அவளால் முடியவில்லை.

பதினோரு ஞாயிறாக அக்காவைத்தான் வரைகிறாள். பதினோரு முகமும் அழகாகத்தான் வந்தன. ஒன்றுகூட அக்கா இல்லை. யாரோ ஒரு நல்ல பெண், அக்காவின் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எங்கே பிசகுகிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

இன்று பன்னிரண்டாவது. இனிமேல் ஞாயிறு கிடையாது.

அக்கா கடல் தாண்டி வேலைக்குப் போகிறாள். மூன்று மணிக்கு வண்டி வரும், திரும்பி வர மூன்று வருஷமாகும். பெட்டிகள் இரண்டும் கதவோரம் தயாராக நின்றன. அப்புறம் அக்காவும் போனுக்குள் ஒரு முகம், மற்ற எல்லாரையும் போல. ஒரே ஒரு படம், கையால், அசல் அக்காவாக வந்துவிட்டால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலைத் துண்டில் சுற்றித் தூக்கிக் கட்டியிருந்தாள். வழக்கமாக நெற்றியில் வந்து விழும் முடி இன்று இல்லை. ஜன்னல் திரைச்சீலை காற்றில் உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. வெயில் அக்காவின் தோளில் ஏறி, கழுத்துக்கு வந்து, கன்னத்தில் உட்கார்ந்துகொண்டது.

பென்சில் கிசுகிசுத்துக்கொண்டே போனது.

மணி என்ன என்று தெரியவில்லை. மணி போனுக்குள் இருந்தது, போன் குக்கருக்குள் இருந்தது. அறையே தண்ணீருக்கடியில் போய்விட்ட மாதிரி, தெருச் சத்தமெல்லாம் எங்கோ மேலே கேட்டது. தான் வரைகிறோமா, வரைவதாகக் கனவு காண்கிறோமா என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. கேட்டால் சொல்ல ஆளில்லை. எதிரே இருந்தவளும் அரைக்கண் மூடித்தான் இருந்தாள்.

மூக்கு தானாகவே நேரானது. நெற்றி வழவழவென்று வந்தது. கண் வந்தது, கண்ணுக்குள் அந்தக் குறும்புகூட வந்துவிட்டது. அடேயப்பா!

பென்சிலை வைத்துவிட்டு மூச்சு விட்டாள்.

அக்கா எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். துண்டிலிருந்து ஒரு சொட்டு தங்கையின் கையில் விழுந்தது.

“எல்லாம் சரிதான்டி. ஒண்ணை மட்டும் விட்டுட்ட பாரு.”

பென்சிலை அவளே எடுத்தாள். இடது புருவத்துக்கு மேலே, நெற்றியில், சற்றே வளைந்த ஒரு கோடு இழுத்தாள். அதன் குறுக்கே சின்னச் சின்னதாக மூன்று கோடுகள், தையல் போட்ட இடங்கள். கண்ணாடியைப் பார்க்காமலே போட்டாள்.

அவ்வளவுதான். காகிதத்தில் இருந்தவள் அக்காவாகிவிட்டாள்.

தங்கையின் விரல்கள் மேசையைத் தட்டின. மறுபடியும் தட்டின. நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தன.

அக்காவின் போட்டோ எது வந்தாலும் கம்ப்யூட்டரில் அவள் முதலில் துடைப்பது அந்தத் தழும்பைத்தான். யாரும் கேட்டதில்லை. பழக்கதோஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா அந்த இரண்டு விரல்களையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். தழும்பு கொஞ்சம் மேடாக இருந்தது. இருபது வருஷத்தில் இன்றைக்குத்தான் தங்கை அதைத் தொடுகிறாள்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. மெதுவாக, மெதுவாக என்று ஊஞ்சலில் இருந்த அக்கா கெஞ்சக் கெஞ்ச, அவள்தான் இரண்டு கையாலும் முதுகில் ஓங்கித் தள்ளினாள். அக்கா எகிறிப் போய்க் கல்லில் விழுந்தாள்.

அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தபோது, நெற்றி ரத்தம் வழியும் கண்ணால் அக்கா இவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அம்மாவிடம் சொன்னாள்:

“நானேதாம்மா கைய விட்டுட்டேன்.”