பாட ஆசைப்பட்ட பெட்டி

விலையுயர்ந்த ஒலிபெருக்கி ஒன்றின் மரப்பெட்டிக்குத் தானும் பாட வேண்டும் என்று ஆசை. உள்ளே ஒலி எழுப்பும் கூம்பு பதறியது.

“வேண்டாம் அண்ணே! நான் அதிரும்போது நீங்களும் அதிர்ந்தா பாட்டு கலங்கிப்போகும். போன பெட்டியை அதுக்காகத்தான் அறுத்துப் போட்டாங்க.”

“நீ மட்டும் பேர் வாங்கணும், அதானே?”

சோதனை தொடங்கியது. கூம்பிலிருந்து தவில் இசை முழங்கியது. பெட்டியின் பலகைகள் பாடத் துடித்தன. அதை வடிவமைத்த பொறியாளர் மங்கையர்க்கரசி அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். எதிர்ச் சுவரில் ரம்பம் தொங்கியது. பெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. தவில் வேகமெடுத்தது. அப்போதும் அது அசையவில்லை.

தவில் ஓய்ந்ததும் மங்கையர்க்கரசி கையை எடுத்தாள்.

“அருமை! பெட்டி இருக்கிறதே தெரியலை.”

கூம்பு மெல்லச் சொன்னது: “அண்ணே, உங்களைத்தான் பாராட்டுறாங்க.”