மேட்டுப்புதூரின் பக்கவாதக் கணக்கு

"இந்த நாள், புள்ளியியல் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள்!" என்று முழங்கினார் சுகாதாரத் துறையின் புள்ளியியல் நிபுணர் டாக்டர் மதியழகன். மைக் 'கொய்ங்' என்று ஆமோதித்தது.

கடத்தூர் பக்கம் மேட்டுப்புதூர் சமுதாயக்கூடத்தில் ஊரே கூடியிருந்தது. புதிய பக்கவாத சிகிச்சைப் பிரிவு தங்களுக்கா, பக்கத்து ஊரான பள்ளப்புதூருக்கா என்று இன்று தெரிந்துவிடும்.

"சந்தேகமே வேணாங்க சார்," என்றாள் ஊராட்சித் தலைவி லூர்துமேரி. "ரெண்டு ஊரும் ஒரே அளவு ஜனம். பக்கவாதத்துல அங்க ஒருத்தர் போனா இங்க ரெண்டு பேர் போறாங்க."

டாக்டர் இரக்கத்தோடு சிரித்தார். "அது பாமரக் கணக்கும்மா. வயசானவங்க அதிகம் இருக்கிற ஊர்ல சாவும் அதிகமாத்தான் இருக்கும். அந்த வயசு வித்தியாசத்தைக் கழிச்சுட்டுத்தான் ரெண்டு ஊரையும் ஒப்பிடணும். உங்க ஊர்ல மூணுல ஒருத்தர் அறுபதைத் தாண்டினவர். அதைச் சரிக்கட்டினா, சாவு இங்கதான் கம்மி!"

"அப்ப பிரிவு?"

"பள்ளப்புதூருக்கு."

"இதென்னங்க அநியாயம்!" என்று எழுந்தார் பச்சியப்பன். "போன தையிலதான் எந்தம்பிய அடக்கம் பண்ணோம்!"

"ஐயா, உங்களுக்கு எழுபத்தொண்ணுன்னு ஆதார்ல இருக்கு. எப்படி விறைப்பா நிக்கறீங்க! களியா, காத்தா, எது காரணம்னு தனியா ஒரு ஆய்வே பண்ணப்போறேன்."

"கணக்கு தப்புங்க சார்," என்றாள் லூர்துமேரி விடாமல்.

"தப்பா? நாளைக்கே ஆள் அனுப்பறேன். வீடு வீடா வந்து, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் வச்சு எல்லார் வயசையும் சரிபார்க்கட்டும். தப்புன்னா பிரிவு உங்களுக்கே!"

பச்சியப்பன் உட்கார்ந்துவிட்டார்.

லூர்துமேரி ஊரைப் பார்த்தாள். ஊர் அவளைப் பார்த்தது.

"எதுக்குங்க சார் வூடு வூடா அலைஞ்சுக்கிட்டு? நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும். பள்ளப்புதூருக்கே குடுத்துருங்க. ஷேர் ஆட்டோல போனா பத்து நிமிசம்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. டாக்டர் ஊரைப் பார்த்துக் கைகூப்பினார். விஞ்ஞானத்துக்கு இப்படித் தலைவணங்கிய கிராமத்தை அவர் பார்த்ததில்லை. சால்வையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு கார் ஏறினார்.

"தப்பிச்சோம் தலைவரம்மா," என்று பச்சியப்பன் நிம்மதியாக வெற்றிலை மடித்தார்.

முதியோர் பென்ஷனுக்காக, மேட்டுப்புதூரின் 'அறுபதைத் தாண்டினவர்களில்' பாதிப் பேர் ஆதாரில் பதினைந்து வயது கூட்டி வைத்திருந்தார்கள்.