கண்மாய்க்கு வந்த கடற்காகம்

சேவுகம்பட்டிக் கண்மாய்க் கரையில் நின்று சூசைராஜ் ஆவலாகக் கேட்டார். "கடற்காகம் வந்திருக்கா, செல்வி?"

"ஒண்ணே ஒண்ணு வந்திருக்குங்க" என்றாள் மனைவி சகாயசெல்வி.

"குஞ்சா, பெருசா? நெறத்தச் சொல்லு."

"தலை பூராவும் காப்பித்தூள் நெறம். வால் நுனியில கருப்புப் பட்டை."

சூசைராஜ் சிரித்தார். "வால்ல பட்டை குஞ்சுக்குத்தான் இருக்கும். குஞ்சுக்குத் தலையில அம்புட்டு நெறம் ஏறாது. ரெண்டும் சேந்த பறவை எங்கயுமே இல்லையே!"

சகாயசெல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்மாயில் ஒரு பறவைகூட இல்லை. பார்வை போன பிறகு இன்றுதான் அவர் முதன்முறையாக வீட்டைவிட்டு வெளியே வந்திருந்தார். உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவர் தடவித் தேடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் புள்ள. இறக்கை எப்படி இருக்கு? அதையும் சொல்லு."