பதினெட்டாம் தேதிக் கவாத்து

கொத்து ரோஜாவின் நான்காவது கிளையை வெட்டிக் கீழே போட்டபோது விண்ணரசிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

நிமிரவில்லை. நிமிர்ந்தால் மறுபடி குனிய மனசு வராது என்று அவளுக்குத் தெரியும்.

ஜன்னலுக்கு உள்ளே, கட்டிலில் சாய்ந்தபடி அவள் வீட்டுக்காரர் சகாயநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றுக் கட்டியோடு படுத்து எட்டு மாதமாகிறது. அவருக்கு அந்த ஜன்னலே உலகம். அவளுக்கு அவரே உலகம். சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரத் தூக்கம் இல்லாத உலகம்.

காலையில் கஞ்சி ஊட்டி, வாய் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, அலசிய துணிகளைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுத்தாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. செடியும் கேட்கவில்லை.

அந்தச் செடி எதையுமே கேட்டதில்லை. ஆறு வருடம் முன்பு வேளாங்கண்ணி போய்விட்டு வரும்போது சாலையோரத்தில் வாங்கியது. தண்ணீர் மட்டும் காட்டுங்கள், அதுபாட்டுக்குப் பூக்கும் என்றாள் விற்றவள். விற்கிறவர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது விண்ணரசியின் கட்சி. ஆனால் இது பலித்துவிட்டது. கீழ்வேளூர்க் களிமண்ணில் ரோஜா வேர் அழுகிவிடும் என்று சகாயநாதன் ஒரு முழத்துக்கு மேடு கட்டி, ஆற்றுமணலும் மக்கிய சாணமும் கலந்து வைத்தார். அவ்வளவுதான். ஒரு காம்புக்கு ஏழெட்டுப் பூவாக, மருந்து என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காமல் பூத்துத் தள்ளியது. இந்த வீட்டில் யாருக்கும் வேலை வைக்காத ஒரே ஜீவன். சில நாள் அதன் மேல் அவளுக்கு எரிச்சல்கூட வந்ததுண்டு.

வருடத்துக்கு ஒரே ஒரு வேலை உண்டு. கிளைகளை வெட்டிக் கழிக்கிற கவாத்து.

சகாயநாதன் ஆற்றுப் பாசனத்தில் லஸ்கராக இருந்தவர். முப்பது வருடம் மதகுப் பலகையை ஏற்றி இறக்கியவர். இன்று திறந்தால் எந்த வயலில் எத்தனையாவது நாள் தண்ணீர் ஏறும் என்பது அவருக்கு அத்துப்படி. ரோஜாவுக்கும் அதே மாதிரி ஒரு கணக்கு வைத்திருந்தார். வெட்டிய நாளிலிருந்து நாற்பத்தைந்தாவது நாள் பூ. ஒரு நாள் முன்னே பின்னே ஆகாது. அதனால் நவம்பர் பத்தாம் தேதிதான் வெட்டுவார். கிறிஸ்துமஸ் அன்று காலையில் செடி கொள்ளாமல் பூ இருக்கும். கோயில் குடிலுக்கு ஒரு கூடை போகும்.

இது செப்டம்பர். சம்பாவுக்கு வாய்க்காலில் தண்ணீர் இப்போதுதான் வந்திருந்தது.

போன வாரம் தஞ்சாவூர் டாக்டர் அவளை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மாதம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரில் வரும் வழியெல்லாம் சகாயநாதன் அவள் முகத்தையே பார்த்தார். மருந்தை மாற்றியிருக்கிறார்கள், இனிமேல் தேறிவிடும் என்று சொன்னாள். மகள் அனிட்டாவிடமும் ஃபோனில் அதையேதான் சொன்னாள், அவர் காதில் விழும்படி. வலியோடு கிடக்கிற மனுஷனுக்கு நாள் குறித்தது தெரியவே கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள். இந்த எட்டு மாதத்தில் அவருக்குத் தன்னால் செய்ய முடிந்த ஒரே நல்ல காரியம் அந்தப் பொய்தான் என்று தோன்றியது.

ஐந்தாவது கிளை. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே, சாய்வாக. வெட்டுவாயில் குழைத்த மஞ்சளை அப்பினாள்.

"இன்னைக்குத் தேதி என்ன?"

குரல் எழும்பவில்லை. காற்றுதான் ஜன்னல் வழியாக வந்தது.

பதினெட்டு என்றாள் யோசிக்காமல். சொன்ன பிறகுதான் யோசித்தாள்.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாதியில் நிற்கும், மறுபடி நகரும். கூடவே அவளும் எண்ணினாள். செப்டம்பரில் மிச்சம் பன்னிரண்டு. அக்டோபர் முப்பத்தொன்று. நவம்பரில் இரண்டு. ஆக நாற்பத்தைந்து.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். ஊரில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையைக் கழுவி, மெழுகுவத்தி ஏற்றி, பூ வைக்கிற நாள்.

அவள் எண்ணி வைத்து வெட்டவில்லை. மாதா சத்தியமாக எண்ணவில்லை. காலையில் கைதான் கத்தரியைத் தேடியது. ஆனால் அந்தக் கைக்கு நாள் கணக்கைப் பழக்கியவரே அவர்தானே.

அவர்கள் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர்கள். அவரைப் பெற்றவர்களை அடக்கம் செய்தது திருவையாற்றுப் பக்கம். அவளைப் பெற்றவர்களையும் அங்கேதான். இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கென்று இதுவரை ஒருவரும் இல்லை.

கட்டைவிரல் நின்றது.

அழுதால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அதற்கும் தெம்பு இல்லை. அவர் கேட்பார், கேட்டால் இனி எந்தப் பொய்யைச் சொல்வது என்று தெரியாமல் கத்தரியோடு நின்றாள்.

அவர் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிச் செடியைக் காட்டினார்.

"சுவரோரக் கெளைய விட்டுட்டியே, விண்ணரசி."

கை எட்டவில்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.