வாங்குவதற்கு ஒரு ஆள்

"கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க ராஜகோபால். இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது" என்று போனில் உரக்கச் சொன்னார் ஜெயகிருஷ்ணன். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றது.

"நாலு ரூபா ஷேர் சார் அது. எதுனா வம்பாயிடப் போவுது" என்று இழுத்தார் ராஜகோபால். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் தினமும் இவரோடு வாக்கிங் போகிறவர். பரம்பரை நிலத்தை மனை போட்டு விற்ற பணம் அவர் கையில் இருந்தது.

"நாப்பதுக்குப் போகும் பாருங்க. நானே இன்னும் வாங்கப் போறேன்."

பச்சைப் பொய். அதே ஷேரைப் பதினோரு ரூபாய்க்கு வாங்கி மாட்டிக்கொண்டு முழிப்பவர் ஜெயகிருஷ்ணன்.

போனில் ஏதோ ஒரு குரூப்பில் முகம் தெரியாத எவனோ சொன்னான். பெரிய கம்பெனி ஷேர் பத்து வாங்கும் காசில் இது மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறதே என்று சபலம். ரிடையரானபோது வந்ததில் பாதியை வீட்டுக்குத் தெரியாமல் அதில் கொட்டினார்.

வாங்கிய மறுவாரமே சரிய ஆரம்பித்தது. காலையில் முதல் ஆளாக விற்கப் போடுவார், சாயங்காலம் வரை சீந்துவாரில்லை. விற்க ஊரே நின்றது, வாங்கத்தான் ஆள் இல்லை. அதனால்தான் ஆள் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

மனைவி ஞானஜோதி காபியோடு வந்தாள். "கிரீஷ் நாளைக்கு நாவலூர் ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டறான். நீங்களும் கூடப் போங்களேன்."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். மகன் ஃப்ளாட்டா அப்போது மனதில் ஏறும்?

மறுநாள் காலை, தாம்பரம் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. அத்தனை ஷேரும் விற்றுவிட்டது! பாதிக்கு மேல் நஷ்டம்தான். ஆனாலும் மிச்சமாவது தப்பித்ததே என்று கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

துருவிப் பார்த்தார். அன்று அந்த ஷேரில் நடந்த வியாபாரமே அது ஒன்றுதான். மொத்தத்தையும் ஒரே ஆள் வாங்கியிருந்தான்.

'பாவம், ராஜகோபால்' என்று நெஞ்சு ஒரு நிமிஷம் உறுத்தியது. உறுத்தலோடேயே கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

வீட்டு வாசலில் ராஜகோபால் நின்றிருந்தார். ஜெயகிருஷ்ணன் மைசூர்பாகு டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். விஷயம் தெரிந்து சண்டைக்கு வந்துவிட்டாரோ?

"கோச்சுக்காதீங்க சார். நீங்க அவ்ளோ சொல்லியும் நான் வாங்கல. நெலம் வித்த காசு, பயமா கீது" என்றார் ராஜகோபால், தலையைச் சொறிந்தபடி.

"வாங்கலையா?" அப்படியானால் அந்த இளிச்சவாயன் யார்?

உள்ளேயிருந்து முகமெல்லாம் பூரிப்பாக வந்த ஞானஜோதி போனை நீட்டினாள். "கிரீஷ் பேசறான். உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லணுமாம். ஊருக்கெல்லாம் சொல்றீங்க, பெத்த பிள்ளைக்குச் சொல்ல மாட்டீங்களா? அதான் நேத்தே நான் சொல்லிட்டேன்."

அவர் கையிலிருந்து மைசூர்பாகு டப்பா நழுவியது. போனில் மகன் உற்சாகமாகச் சொன்னான்.

"ஃப்ளாட் அட்வான்ஸை மொத்தமா அதுல போட்டுட்டேன்ப்பா. இன்னிக்கு அந்த ஷேரை வாங்கின ஒரே ஆள் நான்தான்!"